காலில் குத்தினால் சினைப்பைக்கு எப்படித் தெரியும்?

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “வயது 34. மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆகிறது. சினைப்பை முன்கூட்டியே ஓய்ந்துவிட்டது என்கிறார் டாக்டர். ஊசியில் கரன்ட் கொடுக்கும் அக்குபங்சரில் எலிகளுக்குச் சரியாகிறதாமே, நான் போகலாமா?”

40 வயதுக்குள் இப்படி ஆவது நூறு பெண்களில் ஒருவர் முதல் நான்கு பேர் வரை. பெண் குழந்தை 10 முதல் 20 லட்சம் முட்டைகளோடு பிறக்கிறது. அந்த இருப்பு சீக்கிரமே கரைந்துபோனால் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் சரியும், சினைப்பையை வேலை வாங்க மூளையடிச் சுரப்பி அனுப்பும் எஃப்.எஸ்.எச். ஹார்மோன் ஏறும். எலிக்கு இதை வரவழைக்க சைக்ளோபாஸ்பமைடு, சிஸ்பிளாட்டின் போன்ற புற்றுநோய் மருந்துகளைக் கொடுப்பார்கள். அப்புறம் தொப்புளுக்குக் கீழே ‘குவான்யுவான்’, கணுக்காலுக்கு மேலே உள்பக்கம் ‘சான்யின்ஜியாவ்’ என்று சீனர்கள் சொல்லும் இடங்களில் மெல்லிய ஊசிகள். அவற்றில் கிளிப் மாட்டி மின்துடிப்பு விடுவார்கள். பல கட்டுரைகளில் எஃப்.எஸ்.எச். இறங்குகிறது, முட்டையைச் சூழ்ந்த செல்கள் சாவது குறைகிறது.

சரி, எப்படி? ‘சக்தி ஓட்டம்’ என்று சொல்லி முடித்துவிடலாம். எனக்குப் பிடித்தது ஸ்வீடனைச் சேர்ந்த எலிசபெட் ஸ்டெனர்-விக்டோரினும் கூட்டாளிகளும் 2003-ல் வெளியிட்ட சோதனை. (இவை மருந்தால் சினைப்பை கெட்ட எலிகள் அல்ல.) மயக்கத்தில் கிடக்கும் எலியின் வயிற்றிலும் பின்னங்காலிலும் ஊசி. விநாடிக்கு 2 துடிப்பு விட்டால் தசை அதே கணக்கில் துள்ளுகிறது; சற்று நேரத்தில் சினைப்பைக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. 80 துடிப்பாக்கினால் அந்தப் பலன் இல்லை. அந்த 80-லேயே கரன்ட்டைக் கூட்டினால் ரத்தம் குறையவே செய்கிறது! பிறகு, சினைப்பைக்குப் போகும் பரிவு நரம்பை (நம்மைக் கேட்காமல் தானாக வேலை செய்யும் நரம்பு வகை) வெட்டிவிட்டு மறுபடி 2 துடிப்பு கொடுத்தார்கள். ஊசி அதே ஊசி, தசையும் துள்ளுகிறது. ரத்தம் மட்டும் கூடவில்லை. ரத்தக்குழாய் என்ற வாய்க்காலுக்கு அந்த நரம்புதான் மடைக்காரன். தசையின் துள்ளல் தண்டுவடம் வழியே மூளைவரை போய், அங்கிருந்து மடைக்காரனுக்குச் சேதி வருகிறது. மர்மம் ஒன்றும் இல்லை, வயரிங்தான்.

ஆனால் மடை திறந்தால் வயல் நனையும். செத்த விதை முளைக்காது. பல எலிகளுக்கு ஊசி தொடங்குவது மருந்தோடு சேர்த்தோ, மருந்து முடிந்த கையோடோ. மனிதர் யாரும் அவ்வளவு சீக்கிரம் வருவதில்லை. சினைப்பை நீர்க்கட்டி உள்ள 1000 சீனப் பெண்களிடம் நடந்து 2017-ல் வெளியான சோதனையில் நிஜ ஊசிக்காரர்களில் 21.8 சதவீதம் பேர் குழந்தை பெற்றார்கள். நிஜம் போலத் தோன்றும் பாவனை ஊசி போட்டுக்கொண்டவர்களில் 22.4. வேறு நோய்தான், இருந்தாலும் எலியிலிருந்து பெண்ணுக்கு உள்ள தூரம் தெரிகிறது. பணம் ஒதுக்குகிறவன் நானாக இருந்தால் இன்னொரு எலிக் கட்டுரைக்குத் தரமாட்டேன், பாவனை ஊசியோடு ஒப்பிடும் இப்படியொரு சோதனைக்குத் தருவேன்.

ஆகவே, சகோதரி, ஆசைக்கு ஊசி போட்டுப் பார்ப்பதானால் பாருங்கள். டாக்டர் தரும் ஹார்மோன் மாத்திரை உங்கள் எலும்புக்கும் இதயத்துக்கும். வழக்கமாக மாதவிலக்கு நிற்கும் வயதுவரை, அதாவது சுமார் 50 வரை, அது வேண்டியிருக்கும். ஊசி போடுகிறவரோ, விரலால் தொட்டே குணமாக்குகிறேன் என்பவரோ அதை நிறுத்தச் சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.