இறால் மேல் பழியைப் போடாதீர்கள்

தீபாவளி முடிந்த வாரத்தில், சுங்கை சிப்புட்டில் உள்ள எங்கள் மருந்தகத்துக்குக் கண்ணிமை வீங்கி, காதோரமும் பிடரியும் கொப்பளித்து நீர் வடிய வருகிறவர்களில் பலர், இறால் சம்பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி அரிப்பு மாத்திரை கேட்கிறார்கள். தலைக்கு டை அடித்தீர்களா என்று கேட்டால், "அதை இருபது வருடமாக அடிக்கிறேன், ஒன்றும் ஆனதில்லையே" என்று உடனே பதில் வருகிறது.

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். டை ஒவ்வாமை முதல் தடவையிலேயே வெளிப்பட வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. ஒரு பொருள் தோலில் திரும்பத் திரும்பப் பட்ட பிறகே உடல் அதைப் பகையென்று அடையாளம் காண்கிறது. அதற்குச் சில வாரங்களும் ஆகலாம், பல வருடங்களும் ஆகலாம். கண்டுகொண்ட பிறகு அந்தப் பகை பெரும்பாலும் ஆயுளுக்கும் தீர்வதில்லை. எனவே, நெடுநாள் பழகிய பொருளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இறால் ஒவ்வாமை பெரும்பாலும் தின்ற இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பாகக் கிளம்பிவிடும். டையால் வருவது ஒன்று முதல் மூன்று நாள் கழித்துத் தெரிவதால்தான் நேற்றைய சாப்பாடு மாட்டிக்கொள்கிறது.

டை ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் காரணம், டையில் கருநிறம் தரும் பாரா-பெனிலீன்டையமின் என்ற ரசாயனம். தலையில் பூசும் கலவையில் இது 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. பெட்டியின் முன்பக்கத்தில் மூலிகை என்று எழுதியிருந்தாலும் பின்பக்கத்துப் பொடி எழுத்தில் இந்தப் பெயர் இருக்கிறதா என்று படியுங்கள்.

சந்தையில் விற்கும் கறுப்பு மருதாணியிலும் இதையே கலக்கிறார்கள், அளவு யாருக்கும் தெரியாது. மருதாணி இலை செந்நிறமாகத்தான் பிடிக்கும். பள்ளிப் பிள்ளை ஒருத்தியின் புறங்கையில், வரைந்த கொடியின் கோடு பிசகாமல் கொப்புளம் எழும்பியிருந்ததைப் பார்த்தேன்; இலை, பூ எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. அவள் பின்னாளில் தலைக்கு டை அடித்தால் முகமே வீங்கிப் போகலாம். பெற்றோர்களே, கெஞ்சிக் கேட்கிறேன், கறுப்பு மருதாணி வேண்டாம்.

ஒருமுறை வீங்கியவர்கள் வேறு பிராண்டை மாற்றிப் பார்க்காதீர்கள், கையில் தடவிச் சோதிக்கவும் வேண்டாம். அரிப்பு மாத்திரை இந்த வீக்கத்தை அடக்காது. டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பினால் எங்களிடம் கோபிக்காதீர்கள். மூச்சுத் திணறினால் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். முதுகில் சந்தேகத்துக்குரிய பொருளைச் சிறிதளவு ஒட்டி இரண்டு நாள் வைத்துப் பார்க்கும் ஒட்டுச் சோதனை, பெரிய மருத்துவமனைகளின் தோல் பிரிவில் உண்டு. போகும்போது டை பெட்டியையும் எடுத்துச் செல்லுங்கள்.