லூப் முடிந்த பின்னும் விலகாத எண்ணி

நான் பராமரித்து வந்த பைத்தான் நிரல் ஒன்று, இரண்டு கோப்புகளை அடுத்தடுத்துப் படித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை வரிகள் கையாளப்பட்டன என்று அறிக்கை தரும். 0 முதல் வரிசை எண் தரும் இனுமரேட் கொண்டு வரிகளுக்கு எண்ணிட்டு, லூப் (கட்டளைகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் அமைப்பு) முடிந்ததும், எண்ணியான ‘ஐ’ என்ற மாறியுடன் ஒன்றைக் கூட்டி அச்சிடுவதே அதில் கையாண்ட முறை. ஒருநாள் இரண்டாவது கோப்பு வெறுமையாக வந்தது. அறிக்கையோ முதல் கோப்பில் இருந்த அதே 40 வரிகள் இரண்டாவதிலும் கையாளப்பட்டதாகச் சொன்னது. பிழைச்செய்தி எதுவும் இல்லை.

பைத்தானில் ஃபார் லூப்புக்கெனத் தனி வரையெல்லை, அதாவது அதற்குள் மட்டும் மாறிகள் செல்லுபடியாகும் பகுதி, கிடையாது. எண்ணி, லூப்பைச் சூழ்ந்துள்ள செயற்கூறுக்கே உரிய மாறி என்பதால், லூப் முடிந்த பின்னும் கடைசியாகப் பெற்ற மதிப்போடு அப்படியே இருக்கும். பட்டியல் வெறுமையாக இருந்தால் ஒரு சுற்றும் ஓடாது, மாறிக்கு எதுவும் அளிக்கப்படாது. ஆகவே முந்தைய லூப் விட்டுச்சென்ற 39 அங்கேயே கிடந்தது. முதல் லூப்பில் வேறு பெயரைப் பயன்படுத்தியிருந்தால், மதிப்பில்லாத மாறி என்று நிரல் அங்கேயே நின்றிருக்கும். அப்படி நின்றிருந்தால் எனக்கு ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்.

சி மொழியிலிருந்து வருவோர் தடுமாறும் இடங்கள் வேறு இரண்டு உண்டு. 0 முதல் 4 வரை எண்களைத் தரும் ரேஞ்ச் 5 என்று எழுதிய லூப் முடிந்தபின் எண்ணியில் இருப்பது 4, 5 அல்ல. லூப்பின் உள்ளே எண்ணியைக் கூட்டினாலும் அடுத்த சுற்று தாவாது. ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் ரேஞ்ச் தரும் அடுத்த மதிப்பு பழையதன்மேல் எழுதப்பட்டுவிடும்.

ஜாவாஸ்கிரிப்டில் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. வார் என்ற அறிவிப்புச் சொல் கொண்டு எண்ணியை அறிவித்து, மூன்று சுற்றுகளிலும், ஒரு செயற்கூறைப் பிறகு ஓட்டும் செட்டைம்அவுட்டுக்குள் அதை அச்சிடச் சொன்னால், 0, 1, 2 என்பதற்குப் பதிலாக 3 என்பதே மூன்று முறை வரும். அந்த மூன்று செயற்கூறுகளும் பார்ப்பது ஒரே மாறியை. அவை ஓடத் தொடங்கும்போது லூப் முடிந்துவிட்டிருக்கும். 2015இல் மொழியின் தரத்தில் சேர்ந்த லெட் என்ற அறிவிப்புச் சொல், ஒவ்வொரு சுற்றுக்கும் புதிய மாறியைத் தந்து இதைத் தீர்த்தது. பைத்தானில் பெயரில்லாச் சிறு செயற்கூறான லாம்டாவிலும் இதே பொறி உள்ளது. ஆனால் அங்கே லெட் இல்லை என்பதால், எண்ணியை இயல்பு அளபுருவாக (வேறு மதிப்பு தரப்படாதபோது செயற்கூறு பயன்படுத்தும் உள்ளீடாக) கொடுத்து அந்தக் கணத்து மதிப்பைப் பிடித்து வைக்க வேண்டும்.

கட்டளைவரி மொழியான பாஷ் இதற்கு நேர்மாறானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குத் தரும் பைப் வழியாக வொயில் லூப்புக்குத் தரவை அனுப்பி உள்ளே எண்ணிக்கையைக் கூட்டினால், வெளியே வந்ததும் அது 0 ஆகவே இருக்கும். வழக்கமான அமைப்பில் அந்த லூப் தனித் துணை ஷெல்லில், அதாவது வேறொரு செயலாக்கத்தில், ஓடுவதால், எண்ணிக்கையும் அதனோடே மறைந்துவிடுகிறது. பைப்பை விடுத்து, கோப்பை நேரடியாக லூப்பின் உள்ளீடாகத் திருப்பிவிட்டால் எண்ணிக்கை தப்பும்.

என் பைத்தான் நிரலில் இப்போது ஒவ்வொரு லூப்புக்கு முன்பும் எண்ணிக்கைக்கெனத் தனி மாறி 0 என்று தொடங்கப்படுகிறது. லூப்புக்கு வெளியே ‘ஐ’ எங்கும் தலைகாட்டுவதில்லை.