ஒரே மால்ட், இரண்டு விஸ்கி

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையோரத்து ஐலா தீவில் லகவூலின், கல் ஈலா என்று இரண்டு விஸ்கி வடிசாலைகள். இரண்டுமே டியாஜியோ என்ற மதுபான நிறுவனத்துக்குச் சொந்தம். புகையூட்டிய மால்ட், அதாவது முளைவிட்ட பார்லி, இரண்டுக்கும் போர்ட் எலன் மால்ட் ஆலையிலிருந்துதான் வருகிறது. புகையின் அளவும் கிட்டத்தட்ட ஒன்றே: பத்து லட்சத்தில் 35 பங்கு ஃபீனால், அதாவது புகை வாசனை தரும் சேர்மங்கள். ஆனால் இரண்டையும் அருகருகே வைத்து முகர்ந்து பாருங்கள். லகவூலின் கனமாக, இனிப்பு கலந்த புகையோடு வரும். கல் ஈலாவில் எலுமிச்சையும் கடற்காற்றும்தான் முந்தும்.

புகை வருவது பீட்டிலிருந்து. சதுப்பு நிலத்தில் பாசியும் புல்லும் காற்றுப்படாமல் அரைகுறையாக மட்கி, ஆண்டுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வீதம் சேர்ந்த மண் அது. வெட்டிக் காயவைத்து எரித்தால் புகை மண்டும். முளைவிட்ட பார்லி ஈரமாக இருக்கும்போதே அந்தப் புகையைக் காட்ட வேண்டும். காய்ந்த தானியத்தில் சரியாக ஒட்டாது. புகையிலுள்ள குவையகால் விறகடுப்பு வாசனை தரும். கிரசால் ஆஸ்பத்திரி வாசனை தரும். லஃப்ராய்க் என்ற ஐலா விஸ்கி குடித்தவருக்குத் தரை துடைக்கிற ஃபினாயில் நினைவுக்கு வந்தால் அது பிரமை அல்ல, இரண்டிலும் இருப்பது ஒரே குடும்பத்துச் சேர்மங்கள்.

சரி, மால்ட் ஒன்றாக இருந்தும் சுவை ஏன் மாறுகிறது? அந்த 35 என்பது தானியத்தில் அளந்த எண், பாட்டிலில் அளந்தது அல்ல. ஊறலிலும் வடிப்பிலும் ஃபீனாலில் பெரும்பகுதி கழிந்துவிடும். மிஞ்சுவதும் வடிப்பின் பிற்பகுதியில்தான் அதிகம் இறங்கும். எந்த நிமிடத்தில் வடிப்பை நிறுத்திப் பிரிக்கிறார்கள் என்பதே புகையைத் தீர்மானிக்கிறது. வடிக்கும் கலமான வாலையின் வடிவமும் முக்கியம்: உயரமான செப்பு வாலையில் கனமான ஆவி மேலேற முடியாமல் திரும்ப விழுந்துவிடும். 309 பங்கு ஃபீனால் கொண்ட மால்ட்டில் வடித்த ஆக்டோமோர் 8.3 என்ற ஐலா விஸ்கி, லகவூலினைப் போல ஒன்பது மடங்கு புகையாமல் இருப்பது இதனால்தான். அப்புறம் மரப்பீப்பாயில் கழியும் ஆண்டுகளும் புகையைத் தணிக்கும்.

ஆகவே புகை விஸ்கிக்குப் பழகத் தொடங்குபவர் ஃபீனால் அளவைப் பார்த்து வாங்க வேண்டாம். போமோர் 12, கல் ஈலா 12, லகவூலின் 16, ஆர்ட்பெக் 10, லஃப்ராய்க் 10 என்ற வரிசையை நான் சொல்வேன் (எண்கள் பீப்பாயில் கழிந்த ஆண்டுகள்). கடுமையானதில் தொடங்கினால் மூக்கு அந்த வாசனைக்குப் பழகி, அடுத்து வரும் மென்மையானதில் புகையையே உணராது. புகையும் மருந்து நெடியும் மூளைக்கு முதலில் எச்சரிக்கைதான். மால்ட்டின் இனிப்போடு சேர்ந்து, கெடுதல் எதுவும் இல்லாமல் திரும்பத் திரும்ப வரும்போது அந்த எச்சரிக்கை தளரும். ஒவ்வொன்றிலும் ஒரு வாய் போதும், அவசரமே இல்லை.

சில துளி தண்ணீரும் உதவும். ஸ்வீடனின் லினேயஸ் பல்கலைக்கழகத்தின் கார்ல்சனும் ஃப்ரீட்மனும் 2017இல் கணினி மாதிரியில் இதை ஆராய்ந்தார்கள். ஆல்கஹால் 59 சதவீதத்தைத் தாண்டினால் குவையகால் திரவத்துக்குள்ளேயே அமிழ்ந்துவிடுகிறது; 45 சதவீதத்துக்கு நீர்த்தால் மேற்பரப்புக்கு வருகிறது. 60 சதவீதத்தை ஒட்டிய ஆக்டோமோரைத் தண்ணீர் விடாமல் முகர்ந்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள்.