மேற்குச் சுவரும் நாலு மணி வெயிலும்

சேலத்தில் மனை வாங்கிவிட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, ஒரு நாள் சாயங்காலம் நாலு மணிக்கு அங்கே போய் நின்று பாருங்கள் என்பதுதான். காலையில் புரோக்கரோடு போய்ப் பார்க்கும்போது எல்லா மனையும் நல்ல மனையாகத்தான் தெரியும். பங்குனி, சித்திரையில் அந்த நேரத்து வெயிலை ஒரு தரம் முகத்தில் வாங்கியவர்களுக்கு அப்புறம் ஜன்னல் பற்றி நான் அதிகம் விளக்க வேண்டியிருக்காது.

பிளான் பேச உட்கார்ந்தால் வாசல் எந்தத் திசை, அக்னி மூலையில் அடுப்படி வருகிறதா, கன்னி மூலையில் பெரிய படுக்கையறை வருகிறதா என்று கேட்கிறார்கள். வாஸ்து பார்க்க வேண்டாம் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. ஆனால் கன்னி மூலை என்பது தென்மேற்கு. கோடையில் வீட்டிலேயே அதிகம் காய்கிற மேற்குச் சுவர் அந்த அறைக்குத்தான் வந்து சேர்கிறது. ஒன்பது இன்ச் செங்கல் சுவர் வெளியே வாங்கிய சூட்டை உடனே உள்ளே விடாது. அது உட்புறம் வந்து சேர ஆறேழு மணி நேரம் ஆகும். நாலு மணிக்கு வாங்கிய வெயில், நாம் விளக்கை அணைத்துப் படுக்கும் நேரத்துக்கு அறைக்குள் இறங்க ஆரம்பிக்கிறது.

மலையடிவாரப் பக்கம் ஒரு வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். புது வீடுதான். தென்மேற்கு அறையில் மேற்குப் பார்த்து ஆறடி அகலத்துக்குக் கண்ணாடி ஸ்லைடிங் ஜன்னல், மேலே இரண்டடி சன்ஷேட், உள்ளே கனமான திரை. "ராத்திரி பத்து மணிக்கு வந்து செவத்துல கை வெச்சுப் பாருங்க சார், தோசைக்கல்லு மாதிரி இருக்குது" என்றார் அந்த வீட்டு அம்மா. ஏசி போட்டும் அறை குளிர நேரமாகிறதாம். திரை போட்டிருக்கிறோமே என்று கேட்டார்கள். கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெயிலைத் திரை தடுத்து என்ன பயன்? திரை சூடாகி, அந்தச் சூட்டை அறைக்குள்ளேயேதான் விடும். வெயிலை ஜன்னலுக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும்.

சன்ஷேட் இருக்கிறதே என்பது அடுத்த கேள்வி. இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். சித்திரையில் நாலு மணிக்கு நம் ஊரில் சூரியன் தொடுவானத்திலிருந்து சுமார் 35 டிகிரி உயரத்தில் நிற்கும். மேற்குச் சுவரில் இரண்டடி சன்ஷேட் போட்டால் அதன் நிழல் ஒன்றரை அடிகூட முழுசாக இறங்காது. ஐந்து மணிக்கு முக்கால் அடிதான். நாலடி உயர ஜன்னலில் மீதி முழுக்க வெயில். தெற்கில் அப்படி இல்லை. கோடை உச்சி வெயிலுக்கு அங்கே ஒன்றரை அடி சன்ஷேடே தாராளம். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து உச்சியிலேயே 55 டிகிரிக்குத்தான் ஏறும், வெயில் கொஞ்சம் உள்ளே வரும். அந்த மாதத்தில் வரட்டும்.

வடக்கு ஜன்னலுக்கு வெயிலே வராது என்று நம்புகிறவர்கள் நிறைய. சேலம் பூமத்திய ரேகைக்கு 11½ டிகிரி வடக்கே இருக்கிறது. அதனால் சித்திரை முதல் வாரத்தில் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்து, அங்கிருந்து ஆவணி முதல் வாரம் வரை உச்சி வேளையில் வடக்குப் பக்கமாகவே நிற்கும். உச்சியில் சின்ன சன்ஷேட் போதும். ஆனால் வைகாசி, ஆனியில் சாயங்கால வெயில் வடமேற்கிலிருந்து வடக்குச் சுவரில் சாய்வாக விழும். அதற்கு ஜன்னலின் மேற்கு ஓரத்தில் செங்குத்தாக ஒரு பலகைச் சுவர் நீட்டினால் நிற்கும். இதைச் சொன்னால் எலிவேஷன் கெட்டுவிடும் என்கிறார்கள். எனக்கென்னவோ வெறும் கண்ணாடிச் சுவரைவிட அந்த நிழல் கோடு அழகாகத்தான் தெரிகிறது.

சரி, மேற்குக்கு என்ன வழி? இடம் இருந்தால் தாழ்வாரம்தான். ஆறடி ஆழத்துக்கு ஒரு வராந்தா போட்டு, அதன் கூரை விளிம்பை எட்டடி உயரத்தில் நிறுத்தினால் நாலு மணிக்குச் சுவரின் கீழ்ப்பாதியில் வெயில் படும். அதே விளிம்பை ஆறரை அடிக்கு இறக்குங்கள். இப்போது தரையிலிருந்து இரண்டு, இரண்டேகால் அடிக்கு மேல் நிழல். ஜன்னல் தப்பித்துவிட்டது. பழைய ஓட்டு வீடுகளில் வாசலில் குனிந்து நுழைய வேண்டியிருந்தது இதனால்தான். ஓட்டைச் சரிவாக இறக்கியதால் சாரலும் திண்ணையில் அடிக்காது. இன்றைக்குப் போர்டிகோ என்று பத்தடி உயரத்தில் தட்டையாக ஒரு ஸ்லாப் போட்டு, அடியில் காரை நிறுத்துகிறோம். போதாததற்கு முன்னால் பாலிகார்பனேட் ஷீட். அதன் கீழே மத்தியானம் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். நிழல் மாதிரி தெரியும், நிற்க முடியாது. சுவரோடு ஒரு திண்ணை, மேலே இறக்கிப் போட்ட ஓடு. இதற்கு ஆகிற செலவு எலிவேஷனுக்கு ஒட்டுகிற கல்லை விட அதிகமாக இருக்காது என்பதைப் பலருக்கு எஸ்டிமேட் போட்டே காட்டியிருக்கிறேன்.

மேற்கை முழுக்க அடைத்துவிடலாமே என்றால் அதுவும் முடியாது. ஆடியில் காற்று அந்தப் பக்கமிருந்துதான் வருகிறது. வெயிலும் மேற்கு, ஆடிக்காற்றும் மேற்கு. இதுதான் நம் ஊர்ச் சிக்கல். அதனால் மேற்கில் சின்னதாக, உயரம் குறைவாக, மரச் சட்டங்கள் சாய்த்து அடித்த கதவோடு ஒரு ஜன்னல் வைக்கலாம். காற்று வேண்டும்போது திறக்கலாம், வெயிலில் சாத்தலாம். காற்று வெளியேற எதிர்ச் சுவரில் அதைவிடப் பெரிய திறப்பு வேண்டும். ஒரே சுவரில் இரண்டு ஜன்னல் வைத்துவிட்டுக் காற்றே வரவில்லை என்று வருத்தப்படுகிறவர்கள் எத்தனையோ பேர். கட்டிலில் படுத்தவர் மேல் காற்று பட வேண்டுமென்றால் ஜன்னலின் அடிமட்டம் இரண்டடி, இரண்டரை அடிக்கு மேல் போகக் கூடாது.

ஸ்லைடிங் ஜன்னலில் இன்னொரு விஷயம். இரண்டு கதவில் ஒன்றுதான் திறக்கும், பாதிதான் கணக்கு. தேசியக் கட்டிட விதித் தொகுப்பு, ஈரமும் வெப்பமும் உள்ள பகுதியில் அறையின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது திறப்பு வேண்டும் என்கிறது. வறண்ட வெப்பமென்றால் பத்தில் ஒரு பங்கு. பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு இது முறையே 20 சதுர அடி, 12 சதுர அடி. நாலுக்கு நாலு ஸ்லைடிங் ஜன்னல் ஒன்று வைத்தால் நிஜத்தில் திறப்பது 8 சதுர அடிதான். பழையபடி வெளியே திறக்கிற கதவு வைத்தால் பதினாறும் கிடைக்கும்.

முப்பதுக்கு நாற்பது மனையில் பக்கத்து வீட்டுச் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, எதிர்த் திறப்புக்கு எங்கே போவது என்பார்கள். நியாயம்தான். அங்கே நான் நம்புவது மாடிப்படியை. படிக்கட்டு மேலே முடிகிற ஹெட்ரூமில் சுற்றிலும் வென்டிலேட்டர் வைத்தால் வீட்டுச் சூடான காற்று மேலேறி அதன் வழியே போய்விடும். அந்தக் காலத்தில் முற்றம் செய்த வேலை. ஆனால் பலர் அங்கே ஒரு இரும்புக் கதவு மட்டும் போட்டு மூடிவிடுகிறார்கள்.

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு போனால் கணக்கே வேறு. சேலத்தை விட 1,200 மீட்டருக்கு மேல் உயரம், ஏழெட்டு டிகிரி குறைவு. அங்கே எதிரி வெயில் இல்லை, ஈரம். கீழே கட்டிய அதே பிளானை மேலே கொண்டுபோய்க் கட்டுகிறவர்களைப் பார்த்தால் வேதனையாக இருக்கிறது. ஏற்காட்டில் வீட்டை வெயிலுக்குத் திறக்க வேண்டும். கிழக்கிலும் தெற்கிலும் பெரிய கண்ணாடி, வடக்கில் குறைவு. திறந்த திண்ணையில் மூடுபனி வந்து உட்கார்ந்துவிடும். கண்ணாடி அடைத்த வராந்தாதான் சரி. ஆனால் எல்லாவற்றையும் திறக்க முடியாத கண்ணாடியாகப் போட்டால் அலமாரித் துணியில் பூஞ்சணம் பூக்கும். மேலே சாத்தித் திறக்கிற வென்டிலேட்டர் கட்டாயம் வேண்டும். சன்ஷேடின் அடிப்புறம் நீர் சொட்டி விழ ஒரு காடி, அதாவது நீளவாக்கில் ஒரு சின்னப் பள்ளம், விடச் சொல்லிக் கொத்தனாரிடம் நின்று வேலை வாங்குங்கள். அது இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் அடியோடு ஊர்ந்து சுவருக்கு வந்துவிடும்.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் வீட்டை இடிக்க வேண்டாம். அந்த மலையடிவார வீட்டில் ஜன்னலுக்கு வெளியே ஒன்றரை அடி தள்ளி இரும்புக் குழாயில் மூங்கில் தட்டி தொங்கவிட்டோம். ஸ்லைடிங்கைக் கழற்றி வெளியே திறக்கிற கதவு மாட்டினோம். எதிர்ச் சுவரில் அறைக்கதவுக்கு மேலே ஒரு வென்டிலேட்டரை உடைத்துத் திறந்தோம். தட்டியை மத்தியானம் ஒரு மணிக்கு இறக்கி, பொழுது சாய்ந்ததும் ஏற்ற வேண்டும். ராத்திரி முழுக்க எல்லா ஜன்னலும் திறந்திருக்க வேண்டும். கொசுவுக்கு வலை போடுங்கள், காற்று கொஞ்சம் குறையும், பரவாயில்லை. கோடையில் காலை ஒன்பது மணிக்கு மேல் வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடச் சூடாகிவிடும். அதற்கு முன்னால் எல்லாவற்றையும் சாத்திவிடுங்கள்.