அலாரம் கார்டைக் காட்டிப் பூட்டைக் கழற்றாதீர்கள்

திருட்டு அலாரம் மாட்ட வந்தவர் பிரித்துக் கெடுத்துவிட்டுப் போன பூட்டைப் பார்ப்பது இந்த வருடத்தில் இது நாலாவது. முதல் மூன்று முறை பொறுத்துக்கொண்டேன், ஒருவரிடம் சிரித்துப் பேசிவிட்டுக்கூட வந்தேன். நாலாவதைப் பார்த்த ராத்திரி தூக்கம் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் அமெரிக்காவில், வட கரோலினாவில், ராலே பக்கம் உரிமம் பெற்ற லாக்ஸ்மித், அதாவது பூட்டுத் தொழிலாளி. (சொந்த ஊர் மதுரை என்றால் உடனே "பக்கத்துலதானே திண்டுக்கல்" என்பார்கள். ஆமாம், பக்கம்தான். அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, நான் பூட்டைக் கழற்றக் கற்றுக்கொண்டதே இங்கே வந்த பிறகுதான்.)

போன மாதம் ஒரு நடன வகுப்பிலிருந்து டீச்சர் கூப்பிட்டார். நாலைந்து கடைகள் வரிசையாக இருக்கும் கட்டடத்தில் கடைசிக் கடை. "முன் கதவுச் சாவி ஒரு நாள் திரும்புது, ஒரு நாள் திரும்ப மாட்டேங்குது அண்ணா, எங்க அலாரம்காரர்தான் சாவி மாத்திக் குடுத்தார்" என்றார். அலாரம்காரர் எதற்குச் சாவி மாற்றினார் என்று அப்போதே வயிற்றைக் கலக்கியது. போய், சாவி நுழையும் சிலிண்டரைக் கழற்றி, அதற்குள் சாவியோடு சுழலும் பிளக்கை மெதுவாக இழுத்து, தட்டில் கவிழ்த்தேன். ஐந்து அறை உள்ள சிலிண்டர், ஒவ்வொரு அறையிலும் சாவியின் வெட்டுக்கு ஏற்ற ஒரு பின் இருக்க வேண்டும். விழுந்தது மூன்று பின். மீதி இரண்டு அறையில் கீழ்ப் பின்னும் இல்லை, மேலே டிரைவர் பின்னும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. புதுச் சாவிக்கு அந்த இரண்டு இடமும் ஒத்துவரவில்லை, எடுத்து எறிந்துவிட்டார். எங்கள் தொழிலில் இதைச் செய்தவரை என்ன சொல்வோம் என்பதை இங்கே எழுத முடியாது.

சரி, அது முன் கதவு. அந்தக் கட்டடம் முழுக்க எல்லாக் கடையையும் திறக்கும் ஒரே மாஸ்டர் கீ. இவர் ரீகீ செய்ததில், அதாவது பின்னை மாற்றிப் புதுச் சாவிக்கு ஒத்துவர வைத்ததில், கட்டட உரிமையாளரின் மாஸ்டர் இந்தக் கதவில் செத்துப்போய்விட்டது, அது அவருக்குத் தெரியாது. வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் தீயணைப்புத் துறைக்கான நாக்ஸ் பாக்ஸ் இருக்கிறது, அதற்குள் பழைய சாவி. ராத்திரி இரண்டு மணிக்குப் புகை வந்தால் தீயணைப்பு வீரர் அந்தப் பெட்டியைத் திறந்து, சாவியை எடுத்து, நுழைத்து, திருப்பிப் பார்த்துவிட்டு, அப்புறம் கதவை உடைக்கப் போவார்.

பின் கதவுக்குப் போனேன். மேலே 1200 பவுண்டு விசையைத் தாங்கும் மேக்லாக், அதாவது மின்காந்தப் பூட்டு. வெளியே போகும் பக்கத்தில், அதாவது உள்ளே, ஒரு கீபேட். நாலு இலக்க எண் அழுத்தினால்தான் வெளியே போக முடியும். சென்சார் இல்லை. பொத்தான் இல்லை. ஃபயர் அலாரத்தோடு ஒரு ஒயர்கூடப் போகவில்லை. நான் ஏணியில் நிற்கும்போது ஹாலில் பதினெட்டுக் குழந்தைகள் தட்டடவு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அவருக்கு லைசன்ஸ் இருக்கு அண்ணா, கார்டு காமிச்சாரே."

இருந்தது. பொய்யில்லை. அலாரம் லைசன்ஸ். அவரிடமே போனில் கேட்டேன், கொஞ்சமும் தயங்காமல் சொன்னார்: "லாக்ஸ்மித் சட்டத்துல எங்களுக்கு எக்ஸம்ப்ஷன் இருக்கு சார்."

இந்த ஒரு வரிதான் என் ரத்தக் கொதிப்பு. ஆகவே கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன், திரும்பத் திரும்பச் சொல்வது போலத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வட கரோலினாவில் லாக்ஸ்மித் வேலைக்குச் சட்டத் தொகுப்பில் அத்தியாயம் 74எஃப், 2001இல் வந்தது. தேர்வு எழுத வேண்டும், குற்றப் பின்னணிச் சோதனை உண்டு. அலாரம் வேலைக்கு அத்தியாயம் 74டி, அதற்குத் தனி போர்டு, தனி உரிமம், ஊழியர்களுக்குத் தனிப் பதிவு. இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி, ஆனால் வேறு வேறு வீடு. 74எஃப் லாக்ஸ்மித் சேவை என்று சொல்லும்போது பூட்டை ரீகீ செய்வது, பின் மாற்றுவது, பொருத்துவது, பழுது பார்ப்பது, சேஃப், வால்ட் இதெல்லாம் போக, உள்ளே விடும், வெளியே விடும் கட்டுப்பாட்டுச் சாதனங்களையும் சேர்த்தே சொல்கிறது. அப்படிச் சொல்லிவிட்டால் கார்டு ரீடர் மாட்டும் அலாரம்காரர் தினமும் மாட்டிக்கொள்வார் இல்லையா? அதற்காகத்தான் கடைசியில் ஒரு விலக்குப் பட்டியல். ஹார்டுவேர் கடையில் நகல் சாவி வெட்டுபவர், பூட்டிக்கொண்ட காரைத் திறக்கும் டோ வண்டிக்காரர், கடமையில் இருக்கும் போலீஸ், தீயணைப்பு, ஜெனரல் கான்ட்ராக்டர் என்று ஒரு வரிசை. அதில் 74டி உரிமக்காரரும் வருகிறார், அவருடைய உரிமத்தின் எல்லைக்குள் வேலை செய்யும்போது.

எல்லைக்குள் வேலை செய்யும்போது. இந்த மூன்று சொல்லையும் யாரும் படிப்பதில்லை.

விலக்கு வேலைக்கு. ஆளுக்கு இல்லை. ஹார்டுவேர் கடைக்காரர் சாவி வெட்டலாம் என்பதால் ராத்திரி உங்கள் வீட்டுக்கு வந்து சேஃபைத் துளைக்கலாம் என்று ஆகுமா? டோ வண்டிக்காரர் காரைத் திறக்கலாம் என்பதால் உங்கள் அலுவலகத்துக்கு மாஸ்டர் கீ வடிவமைக்கலாமா? கேட்டாலே சிரிப்பீர்கள். ஆனால் அலாரம்காரர் வந்து முன் கதவு சிலிண்டரைப் பிரித்தால் மட்டும் யாருக்கும் சிரிப்பு வருவதில்லை, ஏனென்றால் அவர் சட்டையில் "செக்யூரிட்டி" என்று எழுதியிருக்கிறது. கதவில் காந்தத் தொடர்பு மாட்டுவது, அலாரம் பேனலுக்கு ஒயர் இழுப்பது அலாரம் வேலை. கார்டு ரீடரை இயக்கும் ஆக்ஸஸ் பேனலோடு சேர்ந்து வரும் எலெக்ட்ரிக் ஸ்ட்ரைக்கை, அதாவது கதவு நிலையில் உட்காரும் மின்சாரக் கொண்டியை, பொருத்துவதைக்கூட விவாதிக்கலாம், நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் ஒரு சாதாரண பித்தளை சிலிண்டரில் பின் மாற்றுவது எந்தக் கணக்கில் அலாரம்? அதில் கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை, பேனலும் இல்லை. சந்தேகம் இருந்தால் இரண்டு போர்டுக்கும் ஒரு மின்னஞ்சல் போடுங்கள், பதில் கையில் வரட்டும், அப்புறம் சிலிண்டரைத் தொடுங்கள்.

இன்னொன்று, விலக்கு கிடைத்தது உரிமத்திலிருந்துதான், கட்டடக் கோடிலிருந்து இல்லை. நான் லாக்ஸ்மித் உரிமம் வைத்திருந்தாலும் அந்தப் பின் கதவில் அந்த மேக்லாக்கை அப்படி மாட்ட முடியாது, மாட்டினால் நானும் மாட்டிக்கொள்வேன். இங்குள்ள கட்டடக் கோடுகள், அதாவது கட்டட விதிகள், ஐபிசி என்ற மாதிரிக் கட்டட விதித் தொகுப்பை அடியொற்றியவை. உள்ளே வருபவரைத் தடுப்பது உங்கள் இஷ்டம், வெளியே போகிறவரைத் தடுக்கக் கூடாது, அடிப்படை அவ்வளவுதான். இந்த மாதிரிக் கதவில் மேக்லாக் வேண்டும் என்றால் கதவுப் பிடியிலேயே பூட்டை விடுவிக்கும் சுவிட்ச் வேண்டும், இல்லையென்றால் உள்பக்கம் ஆள் நெருங்கினாலே விடுவிக்கும் சென்சார் வேண்டும். சென்சார் என்றால் இன்னும் சில உண்டு. சென்சாருக்கு மின்சாரம் போனால் பூட்டு தானாக விட வேண்டும். கதவிலிருந்து 5 அடிக்குள், தரையிலிருந்து 40 முதல் 48 அங்குல உயரத்தில் கையால் அழுத்தும் பொத்தான் வேண்டும். அந்தப் பொத்தான் கன்ட்ரோலரைக் கேட்டுக்கொண்டிருக்காமல் பூட்டின் மின்சாரத்தை நேராக வெட்ட வேண்டும், வெட்டி 30 நொடியாவது பூட்டு விட்டபடி இருக்க வேண்டும். ஃபயர் அலாரம் அடித்தாலும் விட வேண்டும். இதில் ஒன்றுகூட அங்கே இல்லை. அலாரம்காரரிடம் கேட்டால் "கோட் நம்பர் டீச்சருக்குத் தெரியுமே" என்கிறார். டீச்சர் மயங்கி விழுந்தால்?

தீத்தடுப்புக் கதவுகளைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இங்கே ஒரு வரி மட்டும்: தீ தாங்கும் என்று சான்று லேபிள் உள்ள கதவில் ஒயர் போக வேண்டுமென்று இஷ்டத்துக்கு ஓட்டை போடாதீர்கள், அந்தக் கதவுகளுக்கான என்எஃப்பிஏ 80 விதி சிலிண்டர் துளை தவிர மற்றதற்கு 1 அங்குலம்தான் அனுமதிக்கிறது, அதைத் தாண்டினால் அந்த லேபிள் வெறும் தகடு.

அலாரம் தொழில் நண்பர்கள் கோபப்பட வேண்டாம். உங்கள் வேலையை நான் செய்வதில்லை. செய்யத் தெரியாமல் இல்லை, லோ வோல்டேஜ் வேலைக்கு இங்கே எலெக்ட்ரிகல் போர்டின் உரிமமும் வேண்டும், அது என்னிடம் இல்லை, ஆகவே ஒயர் இழுக்கும் வேலை வந்தால் உங்களில் ஒருவரைத்தான் கூப்பிடுகிறேன். அதே மரியாதையைத் திருப்பிக் கேட்கிறேன், அவ்வளவுதான்.

வாடிக்கையாளர்களுக்கு வருகிறேன். "லைசன்ஸ் இருக்கா?" என்று கேட்காதீர்கள். "ஆமாம்" என்று பதில் வரும், அது உண்மையாகவும் இருக்கும், உங்களுக்கு ஒரு பயனும் இருக்காது. "எந்த வேலைக்கான லைசன்ஸ்? எண் என்ன?" என்று கேளுங்கள். போர்டின் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் ஒரு நிமிடம். கடையை வாடகைக்கு எடுத்தவர்கள் சிலிண்டரைத் தொடுவதற்கு முன் கட்டட உரிமையாளருக்குச் சொல்லுங்கள், ரீகீ செய்த அன்றே நாக்ஸ் பாக்ஸ் சாவியை மாற்றத் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள், பெட்டியை அவர்கள்தான் திறப்பார்கள். மின்சாரப் பூட்டு என்றாலே பெர்மிட் வேண்டுமா என்று ஊர் இன்ஸ்பெக்‌ஷன் அலுவலகத்தில் ஒரு வார்த்தை. "அதெல்லாம் வேண்டாம், நான் பாத்துக்கறேன்" என்று சொல்பவர் நிச்சயம் பார்த்துக்கொள்ள மாட்டார்.

வீடுகளில் கதை வேறு. ராலே பக்கத்தில் கேரியிலும் மோரிஸ்வில்லிலும் புது வீடு வாங்கும் நம்ம ஆட்களிடம் அலாரம் விற்க வருபவர் ஒரு ஸ்மார்ட் லாக்கை இலவசமாகத் தள்ளிவிட்டுப் போகிறார். மாட்டுபவர் பழைய டெட்போல்ட்டைக் கழற்றிப் புதியதைத் திருகிவிட்டுப் போய்விடுகிறார், நிலையில் போல்ட் நுழையும் ஓட்டை 1 அங்குல ஆழம் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. போல்ட் பாதியில் முட்டி நிற்கிறது, மோட்டார் திணறுகிறது, பேட்டரி மூன்று வாரத்தில் காலி, போனில் "ஜாம்" என்று செய்தி. கதவைத் திறந்து வைத்து ஒரு முறை, மூடி ஒரு முறை பூட்டச் சொல்லிப் பாருங்கள். சத்தம் மாறினால் அவரை விடாதீர்கள், நிலையைச் சரி செய்துவிட்டுப் போகட்டும். உள்ளேயிருந்தும் சாவி போட்டுத் திறக்கும் இரட்டை சிலிண்டர் மட்டும் முன் கதவுக்குத் தயவுசெய்து வேண்டாம், கதவுக் கண்ணாடியை உடைத்துக் கைவிட்டுத் திறந்துவிடுவார்கள் என்று பயமாக இருந்தால் கண்ணாடியை மாற்றுங்கள்.

வெளியே மாட்டிக்கொண்டு நிற்பவருக்குக் கதவைத் திறந்து விடுகிற அலாரம்காரர்களும் உண்டு, "நம்ம கஸ்டமர்தானே" என்று. கணக்கில் பெயர் இருக்கிறது, சரி. வாசலில் நிற்பவர் அந்தப் பெயர்தானா? நான் அடையாள அட்டை பார்க்காமல் திறக்க மாட்டேன், முகம் சுளிக்கிறார்கள், சுளிக்கட்டும். கலிஃபோர்னியாவில் வீட்டையோ காரையோ திறந்து கொடுத்தால் லாக்ஸ்மித் திறக்கச் சொன்னவரின் பெயர், முகவரி, தொலைபேசி, பிறந்த தேதி, அடையாள அட்டை எண், கையெழுத்து எல்லாம் வாங்கி, அந்தத் தாளை இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும் என்றே சட்டம் இருக்கிறது. பிரிந்து போன கணவர் பழைய முகவரி உள்ள ஓட்டுநர் உரிமத்தைக் காட்டி நிற்பது எங்கள் தொழிலில் அபூர்வம் இல்லை. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள், அந்த அம்மாவுக்கு ஒரு போன் போடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

இன்னொரு தலைவலி, இது எல்லா மாநிலத்திலும் ஒன்றில்லை. சார்லட்டிலிருந்து எல்லை தாண்டி ஃபோர்ட் மில் போனால் தென் கரோலினா, அங்கே லாக்ஸ்மித்துக்கு மாநில உரிமமே கிடையாது. ஆகவே அங்கிருந்து வரும் அலாரம்காரர் "எங்க ஊர்ல இப்படித்தான்" என்பார். இது அவர் ஊர் இல்லை. வர்ஜீனியாவில் அலாரமும் பூட்டும் ஒரே துறையின் கீழ், ஓக்லஹோமாவில் இரண்டுக்கும் ஒரே சட்டம், நியூ ஜெர்சியில் ஒரே ஆலோசனைக் குழு, ஆனால் உரிமம் தனித்தனி. தோழர் ஒருவர் டெக்ஸாஸில் இப்படி என்றார் என்று இங்கே வந்து பூட்டைப் பிரிக்காதீர்கள்.

நடன வகுப்பில் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். மேக்லாக்கை அன்றே கழற்றி மேஜையில் வைத்தேன், எடை பார்த்து டீச்சரே அசந்துபோனார். அவருக்கு உண்மையில் வேண்டியிருந்தது குழந்தை யாரும் பின்பக்கம் நழுவிப் போனால் தெரிய வேண்டும் என்பது மட்டும்தான், திருடன் பயம்கூட அப்புறம்தான். அதற்கு மேக்லாக் எதற்கு? திறந்தால் அலறும் பேட்டரி அலாரம் உள்ள பேனிக் பார், அதாவது தள்ளினாலே கதவைத் திறந்துவிடும் கம்பி, ஒன்று மாட்டினேன், வெளியே பிடியில்லை. முன் சிலிண்டருக்கு உரிமையாளரிடம் மாஸ்டர் கீயின் பின் அளவுக் கணக்கு வாங்கி ஐந்து அறையும் நிரப்பினேன். தீயணைப்பு நிலையத்திலிருந்து ஒருவர் வந்து நாக்ஸ் பாக்ஸில் புதுச் சாவி போட்டுப் போனார்.

கிளம்பும் முன் இருப்பதிலேயே சின்னக் குழந்தையைக் கூப்பிட்டுப் பின் கதவைத் தள்ளச் சொன்னேன். கையால் முடியவில்லை, திரும்பி நின்று இடுப்பால் ஒரு இடி. கதவு திறந்து அலாரம் அலற, மற்ற பதினேழும் சலங்கையோடு பின்னாலேயே வெளியே ஓட, பார்க்கிங்கிலிருந்து அத்தனை பேரையும் திரும்பக் கூட்டி வருவதற்குள் டீச்சருக்கு மூச்சு வாங்கிவிட்டது.