ஒற்றைத் தண்டவாளமும் ஆழமான கேமும்

இலங்கையில் நாவலப்பிட்டிக்கு மேலே மலைநாட்டு ரயில் பாதை ஒற்றைத் தண்டவாளம்தான். எதிரெதிரே வரும் இரண்டு ரயில்கள் ஏதாவது ஒரு நிலையத்தில்தான் விலகிக்கொள்ள முடியும். கொட்டகலையில் எதிர்க் கோச்சிக்காகக் காத்திருந்த நேரங்களில் என் கண் ஸ்டேஷன் மாஸ்டர் கையில் இருந்த பெரிய வளையத்தின் மேலேயே இருக்கும். அதில் தொங்கும் பைக்குள் ஓர் உலோகத் தட்டு. அது கையில் இல்லாமல் டிரைவர் அடுத்த நிலையத்துக்குப் புறப்பட முடியாது. இரண்டு நிலையங்களிலும் உள்ள பெட்டிகள் மின்கம்பியால் இணைந்தவை. ஒரு தட்டு வெளியே போய்விட்டால், அது திரும்பிப் பெட்டிக்குள் விழும்வரை இன்னொன்று வராது.

ஒரு துண்டுப் பாதையில் ஒரே ரயில். விதி இவ்வளவுதான். ஆழமான கேம் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், நான் இந்த வளையத்திலிருந்துதான் தொடங்குவேன்.

ரயில் ஓட்டிச் சரக்கு ஏற்றிச் சம்பாதிக்கும் ஓபன்டிடிடி என்ற கம்ப்யூட்டர் கேமின் சிக்னலும் இதே விதியில்தான் நடக்கிறது. 1990களில் வந்த டிரான்ஸ்போர்ட் டைக்கூன் டீலக்ஸைப் பின்பற்றி 2004இல் வெளியான இலவச கேம் அது. பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும், தனியாக விளையாட நெட் தேவையில்லை. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது பெரிய வசதி.

அதில் நிலக்கரி ரயில் ஒன்றை ஓட்டுகிறீர்கள். வருமானம் கூடட்டும் என்று நான்கு பெட்டிகளைச் சேர்க்கிறீர்கள். பாரம் கூடியதால் ஏற்றத்தில் வேகம் குறைகிறது. மெதுவாகப் போகும் ரயில் தன் துண்டுப் பாதையை அதிக நேரம் பிடித்துக்கொள்ள, எதிர் ரயில் சிவப்பு சிக்னலில் நிற்கிறது. சரக்கு தாமதமானால் கூலி குறையும். அது மட்டுமா? ரயில் வந்து ஏற்றாத நாட்கள் கூடக்கூட நிலையத்தின் மதிப்பீடு இறங்கும். மதிப்பீடு 60% என்றால், சுரங்கம் தோண்டுவதில் ஏறக்குறைய அந்த அளவுதான் நிலையத்துக்கு வரும். ஆக, வருமானத்துக்காகச் சேர்த்த பெட்டிகளே கடைசியில் சரக்கைக் குறைத்துவிடுகின்றன.

ஆழம் என்று நான் சொல்வது இதைத்தான். ஒரு முடிவு நேரே விளைவைத் தந்துவிட்டு ஓய்ந்துவிடாமல், வேறு மூன்று வழியாகச் சுற்றி உங்களிடமே திரும்பி வரவேண்டும். திரை நிறையப் பொத்தான்களும் நூறு வகை ஆயுதங்களும் இருந்தாலே ஆழம் வந்துவிடாது. ஒன்று மற்றொன்றைத் தொடாவிட்டால், அது வெறும் நீண்ட பட்டியல். கோ என்ற பழைய பலகை விளையாட்டின் விதிகளைச் சில நிமிடங்களில் சொல்லிவிடலாம். ஆனால் 19க்கு 19 கோடுள்ள அந்தப் பலகையில் விதிப்படி அமையக்கூடிய நிலைகளின் எண்ணிக்கை 171 இலக்க எண். ஒவ்வொரு காயும் சுற்றியுள்ள காய்களின் உயிரைத் தீர்மானிப்பதால், விதி சிறிதாக இருந்தும் ஆட்டம் அவ்வளவு பெரிதாகிறது.

அதனால் புதிய கேம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது விளம்பரத்தைப் பார்க்காதீர்கள். தோற்றுப் பாருங்கள். தோற்றதற்குக் காரணமான முடிவை, அரை மணி நேரத்துக்கு முன்னால் எடுத்த ஒன்றாக நீங்களே கண்டுபிடிக்க முடிகிறதா? முடிந்தால் அதில் நேரம் செலவிடலாம். விரல் வேகம் போதவில்லை என்பது மட்டுமே காரணமாகத் தெரிந்தால், அது வேறு வகை விளையாட்டு.

சோதித்துப் பார்க்க ஓபன்டிடிடியில் ஓர் ஒற்றைப் பாதை போடுங்கள். நடுவில் விலகிக்கொள்ள ஒரு கிளைப்பாதை, சிக்னல்கள், எதிரெதிராக இரண்டு ரயில்கள். சரியாக ஓடும். அப்புறம் இரண்டு ரயில்களையும் கிளைப்பாதையைவிட ஒரு பெட்டி நீளமாக்குங்கள். நடுவில் சந்திக்கும்போது இரண்டின் வாலும் பின்னால் உள்ள துண்டுப் பாதையில் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று போகவேண்டிய துண்டை மற்றதன் வால் அடைத்திருப்பதால், இரண்டுக்கும் சிவப்பு விழுந்து அப்படியே நின்றுவிடும்.