ஆஸ்பிரின் செய்தியைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தியவர்களுக்கு

அதிகாலை மூன்று மணிக்குக் கேத் லேப் (இதய ரத்தக்குழாய்களைப் படமெடுத்து அடைப்பை நீக்கும் அறை) மேசையில் படுத்திருந்தவருக்கு வயது 54. ஏழு மாதங்களுக்கு முன் இதே மேசையில்தான் அவருடைய இதயத்தின் முன்பக்க ரத்தக்குழாயில் ஸ்டென்ட் என்னும் சிறு வலைக்குழாயை வைத்தேன். அன்று கடைசியாக எடுத்த படத்தில் குழாய் நுனிவரை அழகாக நிரம்பியிருந்தது. இப்போது சாயத்தைச் செலுத்தினால், ஸ்டென்ட் தொடங்கும் இடத்தோடு குழாய் முடிந்துபோயிருந்தது. அதற்கப்பால் திரையில் எதுவுமே இல்லை.

கதவுக்கு வெளியே அவருடைய மனைவி மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டு எடுத்து வந்திருந்தார். ஆஸ்பிரின் அட்டையில் நான்கு குழிகள் காலி. மற்ற பத்தும் தகடு கிழியாமல் அப்படியே இருந்தன. "பதினெட்டு நாட்களாக அவர் போடவில்லை, டாக்டர். ஆஸ்பிரினால் பயனில்லை, ரத்தக்கசிவுதான் வரும் என்று ஆராய்ச்சியில் கண்டுபிடித்துவிட்டார்களாம். எனக்கும் அந்தச் செய்தியைக் காட்டினார்" என்றார். ரத்தம் உறைவதைத் தடுக்கும் இன்னொரு மாத்திரை, க்ளோபிடோக்ரல்? "இரண்டும் ஒரே வேலையைத்தானே செய்கின்றன என்று அதையும் நிறுத்திவிட்டார்."

உறைந்த ரத்தக்கட்டியை உறிஞ்சி எடுத்துக் குழாயைத் திறந்தோம். பிழைத்துக்கொண்டார். ஆனால் 55 சதவீதமாக இருந்த இதயத்தின் பம்பிங் இப்போது 35. மாடிப்படி ஏறினால் இனி அவருக்கு மூச்சு வாங்கும். ஒரு செய்திக்காக ஒரு மனிதர் கொடுத்த விலை இது. இந்த ஆண்டில் இப்படி நான் பார்ப்பது இவர் மூன்றாவது. முதலாமவர் மருத்துவமனை வாசல் வரைகூட வந்து சேரவில்லை. இனியும் இதை நோயாளிகளிடம் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டிருந்தால் போதாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவர் படித்த செய்தி பொய் அல்ல. பொய்யாக இருந்திருந்தால் என் வேலை எளிதாக இருந்திருக்கும். 2018 செப்டம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியான ஆஸ்ப்ரீ என்னும் ஆய்வு அது. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலுமாக 19,114 முதியவர்களைச் சேர்த்து, பாதிப் பேருக்குத் தினமும் 100 மில்லிகிராம் ஆஸ்பிரினும் மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் கொடுத்துச் சுமார் ஐந்து ஆண்டுகள் கவனித்தார்கள். ஆஸ்பிரின் எடுத்தவர்கள் கூடுதல் காலம் நலமாக வாழவில்லை. பெரிய ரத்தக்கசிவு மட்டும் 2.8 சதவீதத்திலிருந்து 3.8 சதவீதமாக உயர்ந்தது. மிகவும் கவனமாகச் செய்யப்பட்ட, நான் மதிக்கும் ஆய்வு. பல ஆண்டுகள் கழிந்த பின்னும் அதன் செய்தி புதிய தலைப்புடன் கைபேசிகளில் சுற்றிக்கொண்டேயிருக்கிறது.

ஆனால் அந்த 19,114 பேர் யார்? அநேகமாக எல்லோரும் எழுபது வயதைத் தாண்டியவர்கள். அதைவிட முக்கியமான ஒன்று: சேரும்போது அவர்களில் யாருக்கும் இதயநோய் இருக்கவில்லை. மாரடைப்பு வந்தவர்களையும் ஸ்டென்ட் வைத்தவர்களையும் அந்த ஆய்வில் சேர்த்துக்கொள்ளவே இல்லை. வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏன்? அவர்களுக்கு ஆஸ்பிரின் தேவை என்பது முன்பே தெரியும். போலி மாத்திரையைக் கொடுத்து அவர்களை ஆபத்தில் விடுவது அறமாகாது. என் நோயாளி விண்ணப்பித்திருந்தால் அவரைச் சேர்த்திருக்க மாட்டார்கள். தன்னை உள்ளே விடாத ஓர் ஆய்வின் முடிவை அவர் தன் மீது போட்டுக்கொண்டார்.

இதை எத்தனை முறை விளக்கினாலும் "மருந்து ஒன்றுதானே, உடம்பும் உடம்புதானே?" என்ற கேள்வி வருகிறது. எனவே கணக்காகவே காட்டுகிறேன்.

அதே 2018இல் வந்த அசெண்ட் ஆய்வில் சர்க்கரை நோய் இருந்து இதயநோய் இல்லாத 15,480 பேர் இருந்தார்கள். ஏழு ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில், போலி மாத்திரை எடுத்தவர்களில் 9.6 சதவீதம் பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வந்தன. ஆஸ்பிரின் எடுத்தவர்களில் 8.5 சதவீதம். பெரிய ரத்தக்கசிவோ 3.2இலிருந்து 4.1 ஆனது. ஆயிரம் பேரில் 11 பேர் தப்பினார்கள்; 9 பேர் கூடுதலாக ரத்தக்கசிவுக்கு ஆளானார்கள். வரவும் செலவும் ஏறத்தாழச் சரி. இவர்களுக்கு "எல்லோரும் போடுங்கள்" என்று எந்த மருத்துவரும் சொல்ல முடியாது.

இப்போது 1988க்குப் போவோம். ஐசிஸ்-2 ஆய்வு. மாரடைப்பு வந்திருக்கக்கூடும் என்று மருத்துவமனையில் சேர்ந்த 17,187 பேர். ஐந்து வாரங்களுக்குள் இதய, ரத்தக்குழாய்க் காரணங்களால் இறந்தவர்கள், ஆஸ்பிரின் இல்லாதவர்களில் 11.8 சதவீதம், எடுத்தவர்களில் 9.4 சதவீதம். ஆயிரத்துக்கு 24 உயிர்கள், வெறும் ஐந்து வாரங்களில். மருந்து மாறவில்லை. அதைப் போட்டுக்கொண்ட மனிதரின் ரத்தக்குழாய்க்குள் இருந்த நிலைமைதான் வேறு. ஆபத்து சிறியதாக இருப்பவருக்குப் பயனும் சிறியது. ஆனால் பக்கவிளைவு எல்லோருக்கும் உண்டு. ஆபத்து பெரியதாக இருப்பவருக்கு அதே பக்கவிளைவைத் தாங்கிக்கொள்வது தகும். தலைப்பில் "ஆஸ்பிரினால் பயனில்லை" என்று நான்கு அங்குலத்தில் எழுதுகிறவர்கள் "யாருக்கு" என்ற ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் அந்த அதிகாலை எனக்கு நேர்ந்திருக்காது. செய்தியாளர்களை மன்றாடிக் கேட்கிறேன், அந்த ஒரு சொல்லை விடாதீர்கள்.

ஸ்டென்ட் வைத்தவர்களின் நிலை இன்னும் ஒரு படி மேலே. பெரும்பாலும் கோபால்ட், குரோமியம் கலந்த உலோகத்தால் ஆன வலைக்குழாய் அது. அதன் கம்பிகள் சுமார் 80 மைக்ரான் பருமன், ஏறக்குறைய ஒரு தலைமுடி அளவு. இப்போது 60 மைக்ரான்கூட வந்துவிட்டது. குழாயின் உட்சுவர் மெல்ல வளர்ந்து அந்தக் கம்பிகளை மூடிக்கொள்ள வேண்டும். ஆனால் தழும்புத் திசு அளவுக்கு மீறி வளர்ந்து குழாயை மறுபடியும் அடைக்கக்கூடாது என்பதற்காக நாங்களே கம்பியின் மேல் ஒரு மருந்தைப் பூசி அனுப்புகிறோம். அந்த மருந்து நல்ல வளர்ச்சியையும் தாமதப்படுத்துகிறது. மூடப்படாத உலோகம் ரத்தத்துக்கு அந்நியப் பொருள். அதுவரை காவல் நிற்பவை உங்கள் மாத்திரைகள்தாம்.

2005இல் ஜாமா என்னும் அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஆய்வை எங்கள் துறையில் யாரும் மறக்கமாட்டோம். மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்த 2,229 பேரை ஒன்பது மாதங்கள் கவனித்தார்கள். 29 பேருக்கு ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்தது. அவர்களில் 13 பேர் இறந்தார்கள். உறைவுக்கு எல்லாவற்றையும் விட வலுவான காரணமாகத் தெரிந்தது, மாத்திரையைக் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்தியதுதான். அன்றைய ஸ்டென்ட்களை விட இன்றையவை எவ்வளவோ மேல். ஆயினும் உறையும்போது விளைவு அன்றைப் போலவே கொடியது.

"எனக்கு வைத்தது புதிய வகை, அது கரைந்துவிடும் அல்லவா?" என்று கேட்பவர்களும் உண்டு. கரையும் ஸ்டென்ட் என்று பெரிதாகப் பேசப்பட்ட அப்சார்ப், பாலிலாக்டிக் அமிலப் பாலிமரால் ஆனது. 2016இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பாலிமர் உலோகத்தின் வலிமைக்கு ஈடாகாது. எனவே கம்பியின் பருமன் 150 மைக்ரான் அளவுக்குப் போனது. பருமனான கம்பி ரத்த ஓட்டத்தைக் கலக்கும். உலோக ஸ்டென்ட்டை விட அதில் உறைவு அதிகம் என்று தெரியவந்து, 2017 செப்டம்பரில் விற்பனையையே நிறுத்திவிட்டார்கள். 2016ஆம் ஆண்டுச் செய்தியை இன்றும் எனக்கு அனுப்புகிறார்கள். 2017ஆம் ஆண்டுச் செய்தியை ஒருவரும் அனுப்பியதில்லை. உங்களுக்கு வைத்தது எது என்று மருத்துவமனை தந்த ஸ்டென்ட் அட்டையில் இருக்கிறது. ஐயமிருந்தால் அதைக் கொண்டுவந்து கேளுங்கள்.

இன்னொரு தவறான புரிதல் இப்போது பரவி வருகிறது. "ஒரு மாதம் போதுமாம், பிறகு ஆஸ்பிரினை நிறுத்திவிடலாமாம்." இதற்கும் உண்மையான ஆய்வுகள் இருக்கின்றன. 2019இல் ஜப்பானில் 3,045 பேரிடம் நடந்த ஸ்டாப்டாப்ட்-2, அதே ஆண்டின் டுவைலைட் போன்றவை. முதலாவதில் ஒரு மாதத்தில், இரண்டாவதில் மூன்று மாதங்களில் ஆஸ்பிரினை நிறுத்தினார்கள். ஆனால் இன்னொரு மாத்திரையை, அதாவது க்ளோபிடோக்ரலையோ டிகாக்ரெலாரையோ, நிறுத்தவில்லை! முழு ஆய்வும் அதன் துணையில்தான் நின்றது. இரண்டில் ஒன்றை விட்டார்கள் என்பதைப் படித்துவிட்டு இரண்டையும் விட்டுவிடுகிறீர்கள். தென்கொரியாவின் ஹோஸ்ட்-எக்ஸாம் ஆய்வு 2021இல் வந்தபின், நீண்ட காலத்துக்கு ஆஸ்பிரினுக்குப் பதிலாக க்ளோபிடோக்ரலை மட்டும் தொடரலாம் என்று நானே சிலருக்கு எழுதித் தந்திருக்கிறேன். எது, எப்போது, யாருக்கு என்பதை உங்கள் ஆஞ்சியோ படத்தை வைத்துக்கொண்டு முடிவு செய்ய வேண்டும்.

இந்த இடத்தில் "ரத்தத்தை இளக வைக்கும் மாத்திரை" என்ற பெயரையும் திருத்த விரும்புகிறேன். நாங்கள் மருத்துவர்களே அப்படிச் சொல்லிப் பழக்கிவிட்டோம், தவறு எங்களுடையதும்தான். இந்த மாத்திரைகள் ரத்தத்தை நீர்த்துப்போகச் செய்வதில்லை. ரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டும் தன்மையைக் குறைக்கின்றன. தட்டணுவுக்கு உட்கரு கிடையாது. ஆஸ்பிரின் அதிலுள்ள நொதியை ஒருமுறை முடக்கிவிட்டால், புதிதாக ஒன்றைச் செய்துகொள்ள அதனால் முடியாது; தன் ஆயுளான எட்டு முதல் பத்து நாட்கள் வரை அது முடங்கியே இருக்கும். நாள்தோறும் பத்தில் ஒரு பங்கு புதிய தட்டணுக்கள் வந்து சேரும். எனவே நிறுத்திய மறுநாள் ஒன்றும் ஆகாது. மூன்றாம் நாளும் ஒன்றும் தெரியாது. "நிறுத்திப் பார்த்தேன் டாக்டர், நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று சொல்லும் அந்த வாரத்தில்தான் காவல் ஒவ்வொருவராக விலகிப்போகிறது.

செய்திகள் மனத்தின் வழியாகவும் வேலை செய்கின்றன. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையைத் தசைவலி போன்ற தொல்லைகளால் விட்டுவிட்ட 60 பேரை வைத்து லண்டனில் சாம்சன் என்ற ஆய்வு நடந்தது; முடிவு 2020இல் வந்தது. ஒரே மனிதருக்குச் சில மாதங்கள் ஸ்டேட்டின், சில மாதங்கள் போலி மாத்திரை, சில மாதங்கள் எதுவுமில்லை. தினமும் தொல்லைக்கு நூற்றுக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். மாத்திரை இல்லாத மாதங்களில் 8. ஸ்டேட்டினில் 16.3. போலி மாத்திரையில் 15.4! வலி உண்மையானது, யாரும் நடிக்கவில்லை. ஆனால் அதில் பெரும்பங்கு, வலி வரும் என்ற எதிர்பார்ப்பிலிருந்து வந்தது. இந்த முடிவைக் காட்டிய பின் அவர்களில் பாதிப் பேர் மாத்திரையை மீண்டும் தொடங்கினார்கள். டென்மார்க்கில் ஸ்டேட்டின் எடுத்துவந்த 6,74,900 பேரின் பதிவுகளைப் பார்த்தபோது, அதற்கு எதிரான செய்திகள் வந்த காலங்களில் மருந்தை நிறுத்தியவர்கள் கூடியிருந்தார்கள். விரைவிலேயே நிறுத்தியவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து, தொடர்ந்தவர்களை விட 26 சதவீதம் அதிகம்.

எனவே சொல்கிறேன், கேளுங்கள். அடுத்த முறை ஓர் ஆய்வுச் செய்தி உங்களைக் கலங்கவைத்தால், அதில் இருந்தவர்களுக்கு உங்கள் வயதா, உங்கள் நோயா என்று முதலில் தேடுங்கள். செய்தியில் அது இல்லையென்றால் அந்தச் செய்தியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். "இரு மடங்கு ஆபத்து" என்றிருந்தால் ஆயிரத்தில் எத்தனை பேருக்கு என்று பாருங்கள். எலிகளில் கண்டதென்றால் எலிகளோடு நிறுத்துங்கள்.

பல் பிடுங்கவோ அறுவை சிகிச்சைக்கோ யாராவது மாத்திரையை நிறுத்தச் சொன்னால், உங்களுக்கு ஸ்டென்ட் வைத்த மருத்துவரிடம் கேட்காமல் நிறுத்தக்கூடாது. அந்த மருத்துவரையே எங்களுக்குத் தொலைபேசியில் பேசச் சொல்லுங்கள். மூட்டுவலிக்கு ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகளை நீங்களாகவே வாங்கிப் போடாதீர்கள். அது ஆஸ்பிரினின் வேலையையும் தடுக்கும், வயிற்றிலும் புண் செய்யும். மலம் தார் போலக் கறுத்துப் போனால் ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு வாருங்கள். ரத்தக்கசிவு உண்மையான ஆபத்து, அதை நான் மறைக்கவில்லை. வயிற்றெரிச்சல் என்றால் சொல்லுங்கள், அதற்கு மருந்து இருக்கிறது. மாத்திரை வாங்கப் பணம் இல்லையென்றால் அதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். விலை குறைந்தது இருக்கிறது.

இதயநோய் இல்லாமலே, யாரோ சொன்னார்கள் என்று தினம் ஒரு ஆஸ்பிரின் போடுபவர்களே, அந்த 2018ஆம் ஆண்டுச் செய்தி உங்களுக்கானது. அறுபதைத் தாண்டியவர்கள் தடுப்புக்காகப் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2022இலேயே சொல்லிவிட்டது. நீங்களும் உங்கள் மருத்துவரைப் பாருங்கள்.

ஸ்டென்ட் வைத்தவர் நீங்களாக இருந்து, இதைப் படிக்கும் இந்த நேரத்தில் மாத்திரைகளை நிறுத்தியிருக்கிறீர்களென்றால், அடுத்த பரிசோதனைத் தேதிவரை வைத்திருக்க வேண்டாம். திட்டுவார் என்று தயங்கவும் வேண்டாம். ஸ்டென்ட் அட்டையையும் மாத்திரை அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு, உங்களுக்கு ஸ்டென்ட் வைத்த மருத்துவமனையை இன்றே அழையுங்கள். எந்தத் தேதியில் நிறுத்தினீர்கள், ஒன்றையா இரண்டையுமா என்பதை அப்படியே சொல்லுங்கள். நெஞ்சில் வலியோ இறுக்கமோ ஏற்கனவே இருந்தால் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்காமல் ஆம்புலன்ஸை அழைத்து உடனே கிளம்புங்கள்.